40 டவரா, 38 டம்ளர்

புதுச்சேரி ரெயின்போ நகர் மக்களுக்கும், எங்கள் காபிக் கடைக்கு வந்து போகிற எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளம் வடிந்து கடையைத் திறந்துவிட்டோம். மார்கழி முதல் நாள் விடியற்காலை 5 மணிக்கு பாய்லரைப் பற்ற வைத்தோம். முதல் காபியைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டாவதை மாஸ்டர் குடித்துப் பார்த்தார். "மண் வாடை அடிக்குதுண்ணே" என்றார். ஃபில்டரின் சின்னச் சின்ன ஓட்டைகளில் சேறு இன்னும் மிச்சம். அடுப்புத் தீயில் காட்டி எரித்து, தட்டி, கழுவி, மறுபடி டிகாஷன் இறங்குவதற்குள் ஆறரை ஆகிவிட்டது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. அதற்கே முதலில் ஒரு நன்றி.

என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. ஒரே நாளில் கொட்டிய 48 சென்டிமீட்டர் மழையை நாம் எல்லோரும்தான் பார்த்தோம். உங்கள் வீட்டில் எத்தனையாவது படி வரைக்கும் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். என் கடையில் கல்லாப்பெட்டி வரைக்கும். அதோடு விடுவோம்.

எழுத உட்கார்ந்தது ஓர் அக்காவுக்காக. அவர் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை நாளாகக் கேட்டதில்லை என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. கடையில் அவருக்கு 'நாலு மணி அக்கா' என்று பெயர். மகளைப் பக்கத்துத் தெருவில் டியூஷனுக்கு விட்டுவிட்டு நாலு மணிக்கு வருவார். சர்க்கரை கம்மி, டிகாஷன் தூக்கல். சுவரோர நாற்காலியில் ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் கடையில் இருப்பதே 9 நாற்காலி. ஒயிட் டவுன் கஃபேக்களில் ஒரு கப்பை வைத்துக்கொண்டு லேப்டாப்போடு அரை நாள் உட்காரலாம், அங்கே பில்லில் நாற்காலி வாடகையும் சேர்த்தி. 20 ரூபாய்க்குக் காபி விற்கிறவன் கணக்கு வேறு. கூட்டம் நிற்கும்போது காலியாகாத நாற்காலி கண்ணை உறுத்தும். போன வருடம் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'காபி குடித்தபின் மற்றவருக்கு இடம் தரவும்.' பொதுவாக எழுதியதுதான் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். எழுதும்போது யார் முகம் மனதில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து காபியை வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். மகள் வரும்வரை அங்கேதான், நின்றபடியே. போகும்போது டம்ளரை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

கல்லாவில் இருக்கும் தங்கச்சி ஒரு தடவை, "பாவம்ணே, உள்ள உக்காரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும்" என்றேன். அப்போது அது பெரிய நியாயமாகத் தெரிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு கடைச் சுவரில் நனையாமல் இருந்தவை மூன்று: பிள்ளையார் படம், கடிகாரம், அந்தப் பலகை.

அப்பா காலத்துப் பித்தளை டவரா டம்ளர் 40 ஜோடி எங்களிடம் இருந்தது. ஒரே தடவையில் வாங்கியதில்லை. கும்பகோணத்தில் கொஞ்சம், இங்கே பெரிய மார்க்கெட்டில் கொஞ்சம் என்று வருடக்கணக்கில் சேர்த்தது. எல்லாம் சேற்றுக்குள் கிடந்தன. பச்சையும் கறுப்புமாக வெளியே எடுத்துப் போட்டபோது எனக்கு வெறுத்துவிட்டது. எடைக்குப் போட்டுவிட்டு பேப்பர் கப்புக்கு மாறிவிடலாம் என்று மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் அந்த அக்கா.

"அந்தப் பித்தளையை எனக்குத் தர்றீங்களா?"

கஷ்டம் போல, எடைக்குப் போட்டு நாலு காசு பார்க்கட்டும் என்று நினைத்தேன். "எடுத்துக்குங்கக்கா" என்றேன். பெரிய தர்மம் செய்த நினைப்பு வேறு. ஒரு சாக்கில் அள்ளிக் கொடுத்தோம்.

நடுவில் இன்னொரு மழை வந்து எல்லோரையும் பயமுறுத்திவிட்டுப் போனது. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அக்காவும் அவர் மகளும் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். பழைய செய்தித்தாளில் பொட்டலம் பொட்டலமாகச் சுற்றி, ஒவ்வொரு டவராவுக்குள்ளும் அதற்கு உரிய டம்ளர். அகல் வெளிச்சத்தில் அவை மின்னியதைப் பார்த்து மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்.

"வெளிய புளி போட்டுத் தேய்ச்சேன். உள்ள ஈயம் பூசியிருக்குல்ல, நார் பட்டா உரிஞ்சிடும். அதனால உள்ள வெறும் கையாலதான் கழுவினேன்" என்றார் அக்கா.

ஜோடி எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். எங்களுக்கே அது தெரியாது. அவசரத்தில் எதையாவது எதிலாவது வைத்துக் கொடுப்போம்.

"தினம் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன்ல. எது எதுல ஆடும்னு தெரியும்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் கல்லாவைத் திறந்து பணத்தை நீட்டினேன், அது இன்னொரு தப்பு. அவர் மகள் ஒரு நோட்டுத் தாளைக் கொடுத்தாள். பென்சிலில் எழுதியிருந்தது: 'டவரா 40. டம்ளர் 38. 2 டம்ளர் சாக்கிலேயே இல்லை.' பொரி உருண்டையும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அதை அப்புறம் வேறொருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

மற்றவர்களை இப்படி ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். அரைக்கும் மெஷின் மோட்டாரைப் பார்த்ததும் "ஈரம் போறதுக்குள்ள சுவிட்சைப் போட்டுடாதீங்க" என்று தடுத்து, கழற்றி எடுத்துப்போய்க் காயவைத்து, பேரிங் காசு மட்டும் வாங்கிக்கொண்ட வைண்டிங் கடைக்காரருக்கு, நனைந்து வீணான கொட்டைக்குப் பதிலாகப் புதுச் சரக்கைக் கடனில் இறக்கிவிட்டு "தையில பாத்துக்கலாம்" என்ற கொட்டை வியாபாரிக்கு, பாகாய் உருகித் தரையோடு ஒட்டிக்கொண்ட சிக்கரியைச் சுரண்டிய கல்லூரித் தம்பிகளுக்கு, கரண்ட் இல்லாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொடுத்த மாடி வீட்டு அம்மாவுக்கு நன்றி.

கடையில் வேலை செய்கிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை வலுத்த அன்று மத்தியானமே பீபரி காபிக் கொட்டை மூட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னவள் அந்தத் தங்கச்சிதான். நான் சிரித்தேன். திறந்த அன்று நீங்கள் குடித்த காபி அந்த மூட்டையில் அரைத்தது. மாஸ்டருக்கு ஊர் கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரை. அவர் வீட்டுக்குள்ளும் ஆறு வந்துவிட்டது. ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன், மூன்றாம் நாளே வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தார். கடை மூடியிருக்கும் நாட்களுக்கு நான் சம்பளம் பிடிக்கிற வழக்கம் உண்டு, அவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்த மாதம் பிடிக்கவில்லை. இனி எந்த மழைக்கும் பிடிக்க மாட்டேன். இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவது, நாளைக்கு நான் மாறினால் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டாயிற்று. ஆனாலும் நேற்று நாலு மணிக்கு அக்கா வந்து, காபியை வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் நேராக மரத்தடிக்கே போய்விட்டார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மாஸ்டர்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். நேரில் சொல்ல முடியாததால்தான் இந்த மடல். அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். ரொம்ப நன்றி.

அப்புறம், அந்த இரண்டு டம்ளர். சேற்றை வாரித் தெருவில் கொட்டியபோது நாங்களே சேர்த்துக் கொட்டிவிட்டோம் போலிருக்கிறது. அடியில் 'ரா' என்று எழுத்து வெட்டியிருக்கும். வாய்க்கால் ஓரத்தில் யார் கண்ணிலாவது பட்டால் கொண்டுவந்து கொடுங்கள். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை.