முதலில் சொக்கெட்டுகளை எண்ணுங்கள்

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். ஹட்டனில் இருபது வருடமாக ரேடியோ, டீவி பழுது பார்க்கிறவன் நான். நீங்கள் இருந்த அதே பெஞ்சுகளில் இருந்து படித்து, உயர்தரத்தோடு நின்றுவிட்டவன். தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சிறு கணினிப் பலகைகளும், பாடசாலைக்கு மேலே தேயிலைச் சரிவில் வைக்க ஒரு மழைமானியும் வாங்கித்தர நீங்கள் பணம் சேர்த்திருப்பதாக அறிந்தபோது மனம் நிறைந்தது. பொருட்பட்டியலைப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளும் அதே பட்டியலைப் பிரதி எடுக்கப் போவதாகக் கேள்வி. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பட்டியலில் இருப்பவை ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகைகள் ஆறு. விலை குறைவு, வேகமும் போதும். ஆனால் எதை எங்கே செருகப் போகிறோம் என்று யாராவது பார்த்தீர்களா? படம் காட்ட ஒரு மினி எச்.டி.எம்.ஐ. வாய். அதன் பக்கத்தில் மைக்ரோ யூ.எஸ்.பி. இரண்டு, ஒன்று மின்சாரத்துக்கே போய்விடும். மிஞ்சிய ஒன்றில்தான் கீபோர்ட், மவுஸ், பென் டிரைவ் எல்லாம். நம் கணினி அறையில் இருப்பவையோ வி.ஜி.ஏ. என்ற பழைய வகைப் பட வாய் மட்டும் உள்ள மொனிட்டர்கள். ஆகவே மினியைப் பெரிதாக்க ஒரு மாற்றி, அதை வி.ஜி.ஏ. ஆக்க இன்னொரு மாற்றி, யூ.எஸ்.பி. பக்கம் சிறு வாயைப் பெரிய வாயாக்கும் ஒரு ஓ.டி.ஜி. வயர், அதன் நுனியில் ஒரு வாயைப் பலதாக்கும் ஒரு ஹப். பலகை மலிவு, அதன் வால் விலை கூடியது. அந்த வாலில் ஒரு துண்டு தொலைந்தாலும் பலகை அலுமாரிக்குத்தான் போகும். சாதாரண மாதிரியில், உணரி வயர்களைச் செருகும் ஓரத்துக் கால்களும் கிடையாது. 40 துளைகள்தான் இருக்கும். கால்களை நாமே ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு பிள்ளையிடம் சூட்டுக்கோலைக் கொடுத்து அதைச் செய்யச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன வருடம் இப்படி ஒரு பலகை, சாப்பாட்டுத் துணியில் சுற்றப்பட்டு, என் கடைக்கு வந்தது. மாற்றிகளின் பாரம் தொங்கித் தொங்கி மைக்ரோ யூ.எஸ்.பி. சொக்கெட் கழன்றிருந்தது. வெறுமனே கழன்றிருந்தால் பரவாயில்லை. அடியில் இருந்த செம்புத் தடமும் வெங்காயத் தோல்போலக் கூடவே உரிந்து வந்திருந்தது. பூதக்கண்ணாடிக்குக் கீழே மயிரிழைக் கம்பி வைத்து ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஓடியது.

அப்படியானால் புதிய பை 5 வாங்கலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல பலகைதான். ஆனால் அதற்கு உரிய அடெப்டர் 5 வோல்ட், 5 அம்பியர். டவுனில் கிடைக்கும் 3 அம்பியர் அடெப்டரைக் கொடுத்தால், யூ.எஸ்.பி. வாய்கள் நான்குக்கும் சேர்த்து 600 மில்லிஅம்பியர்தான் விடும். வகுப்புக்கு நான் கேட்பது பழைய ராஸ்பெரி பை 3 பி பிளஸ். முழு அளவு எச்.டி.எம்.ஐ., பெரிய யூ.எஸ்.பி. நான்கு, நெட்வேர்க் வயருக்கான ஈதர்நெட் வாய் ஒன்று, கால்கள் ஒட்டியே வரும். ஆறுக்குப் பதில் மூன்று வாங்கினாலும் போதும். ஒன்றைச் சுற்றி நான்கு பேர் இருந்து படிக்கட்டும்.

இனி மழைமானி. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் சரிவோரத்தில் இருப்பவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவருகிறது. ஆனால் டவுனில் தூறும்போது நம் மலையில் கொட்டும். நம் சரிவின் கணக்கு நம் கையில் இருப்பது நல்லது.

மழைமானிக்குள் பெரிய வித்தை எதுவும் இல்லை. சீசோபோல இரண்டு சிறு கிண்ணங்கள். 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒரு கிண்ணம் நிறைந்து கவிழும், மற்றது மேலே வரும். கவிழும்போது ஒரு காந்தம், காந்தம் கிட்ட வந்தால் மூடும் ரீட் சுவிட்சைக் கடந்து போகும். ‘டக்’. அவ்வளவுதான். 375 ‘டக்’ விழுந்தால் 75 மில்லிமீற்றர். இதை எண்ண ஒரே ஒரு கால் போதும். அதற்கு ஒரு முழுக் கணினியை இரவும் பகலும் பெட்டரியில் ஓட வைப்பது அநியாயம். ஆடி மாதத்தில் நம் பக்கம் சோலார் தகடு வெயிலைக் காண்பதே அபூர்வம். பை பிக்கோ டபிள்யூ அல்லது ஈ.எஸ்.பி.32 போன்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை இதற்குத் தாராளம்.

மண்ணின் ஈரத்தையும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். மலிவான ஈர உணரிகள் பெரும்பாலும் ஏறி இறங்கும் வோல்டேஜைத்தான் தரும். ராஸ்பெரி பை கணினிப் பலகை எதிலும் அதை நேரடியாக வாசிக்கும் கால் இல்லை. பிக்கோவில் மூன்று இருக்கின்றன. ஈ.எஸ்.பி.32இல் நிறைய இருந்தாலும் வைஃபை ஓடும்போது அவற்றில் ஒரு பகுதி வேலை செய்யாது. எந்தக் கால் அந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பார்த்தே வயர் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பையோ பிக்கோவோ ஈ.எஸ்.பி.யோ, இவற்றின் கால்கள் 3.3 வோல்டுக்கானவை. அர்டுயினோ ஊனோ என்ற வேறு வகைப் பலகைக்கு வாங்கிய 5 வோல்ட் உணரியை அப்படியே கொடுத்தால் பலகை போய்விடும். நானே ஒன்றைக் கொன்றிருக்கிறேன். சத்தம்கூட வரவில்லை.

மழைமானியின் கணக்கு கணினி அறைக்கு வர வேண்டுமே. சரிவிலிருந்து அங்கே 150 மீற்றராவது வரும். யூ.எஸ்.பி. வயர் ஐந்து மீற்றருக்கு மேல் நம்பக் கூடாது. ஐ.டூ.சி. என்பது உணரியும் பலகையும் ஒரே பெட்டிக்குள் பேசும் பாஷை, தூரத்துக்கு ஆகாது. ஈதர்நெட்டும் 100 மீற்றரோடு நின்றுவிடும். முறுக்கிய இரண்டு வயரில் ஆர்.எஸ். 485 என்ற தகவல் அனுப்பும் முறை மட்டும் மெதுவான வேகத்தில் 1,200 மீற்றர் வரை போகும். பலகையில் தகவலை ஒவ்வொரு துணுக்காக வரிசையில் அனுப்பும் சீரியல் கால்கள் இருந்தால், அதற்கான சிறு சில்லை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். இரு முனையிலும் மின்னல் காப்பு வேண்டும், அதைப் பட்டியலில் சேருங்கள். ஜம்பர் வயர்களை நீக்கிவிட்டு, ஸ்க்ரூ வைத்து இறுக்கும் டெர்மினல்களைப் போடுங்கள். நம் பனியில் ஜம்பர் நுனி ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடும்.

ஆகவே இந்த வாரம் ஓடர் கொடுக்காதீர்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் கடைக்கு வாருங்கள். மாதிரி மழைமானி ஒன்று என் மேசையில் இருக்கிறது. நீங்கள் போத்தலிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றுங்கள், அது ‘டக்’ அடிக்கட்டும், எந்த வயர் எந்த வாய்க்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துப் பட்டியலைத் திருத்துவோம். ஞாயிறென்றால் மத்தியானம் வரைதான் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின் வகுப்பில் படித்த ஒரு தம்பி
ஹட்டன்