நல்லூருக்கு அம்மா வரும்போது

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு வந்து தீர்த்தம் முடியும்வரை நிற்கவேணும் என்று அம்மா சொல்லியிருக்கிறா என்று வாசிக்க மனம் நிறைந்துவிட்டது. 86 வயதில் அந்த ஆசை இருப்பதே பெரிய விஷயம். இங்கே முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மா பிஞ்சு விட்டிருக்கிறது. திருவிழாவுக்கு நீங்கள் வர அது முடிந்துவிடும் என்பதுதான் எனக்குக் கவலை.

ஆனால் நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். மகன் தன் கனடாக் கடனட்டையில் உங்கள் மூன்று பேரின் ரிக்கற்றும் எடுத்தான், அதோடு எல்லாருக்கும் காப்புறுதியும் வந்துவிட்டது என்கிறாய். இல்லை மச்சான். அந்த அட்டையால் உனக்கோ மனுசிக்கோ அம்மாவுக்கோ மருத்துவச் செலவு கிடைக்காது என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு யோசி.

அட்டையோடு வரும் கையேட்டில் 'குடும்பம்' என்றால் யார் என்று தனியாக எழுதியிருக்கும். அவசர மருத்துவப் பகுதியில் அது வழக்கமாக அட்டைக்காரர், அவருடைய துணை, அவர்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள், அவ்வளவுதான். தாய், தகப்பன், பாட்டி அதற்குள் வருவதில்லை. ரிக்கற்றுக்கு யார் காசு கட்டினார் என்பது அங்கே பேச்சே இல்லை. அது பயண இரத்து, பெட்டி தொலைதல் போன்ற பகுதிகளுக்குத்தான் முக்கியம். அதே கையேட்டில் பயண இரத்துப் பகுதிக்குப் போனால் குடும்பம் திடீரென்று விரிந்து பெற்றோர், சகோதரம் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். அதாவது மகனும் உங்களோடு வருவதாக இருந்து, அம்மாவுக்குச் சுகமில்லாமற்போய் அவன் தன் பயணத்தை நிறுத்தினால் மகனுடைய ரிக்கற் காசு கிடைக்கலாம். அம்மாவின் ஆஸ்பத்திரிக் காசு கிடைக்காது. ஆட்கள் ஏமாறுகிற இடம் இதுதான். ஒரு பகுதியில் வாசித்ததை மற்றப் பகுதிக்கும் பொருத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று, சில கையேடுகளில் 500,000 டொலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும் விமானம், பஸ் போன்றவற்றில் போகும்போது விபத்தில் உயிரோ கை காலோ போனால் தருகிற தொகை. நெஞ்சுவலிக்கும் நியூமோனியாவுக்கும் அதில் ஒரு சதமும் இல்லை.

இனி உன் சொந்த அட்டை. நீ 66, மனுசி 63. வயது எல்லை பல அட்டைகளில் 65. அதிலும் '65 வயதுக்குக் கீழ்' என்பதற்கும் '65 வயது முடியும்வரை' என்பதற்கும் ஒரு வருஷ வித்தியாசம் உண்டு. பெரும்பாலும் வெளிக்கிடும் நாளில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். எல்லைக்குக் கீழே உள்ளவருக்கு 15 நாள், மேலே உள்ளவருக்கு 3 நாள் என்று தருகிற அட்டைகள் உண்டு. மேலே உள்ளவருக்கு ஒன்றுமே தராதவையும் உண்டு. நாள் எண்ணத் தொடங்குவது ஒன்ராறியோவை விட்டு நீங்கும் நாளில். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறி, சென்னையில் மாறி, இங்கே பலாலி விமான நிலையத்தில் இறங்க அந்த 3 நாளில் இரண்டு போய்விடும். திருவிழாவோ 25 நாள். மனுசியின் 15 நாளும் தேருக்கு முன்னமே முடிந்துவிடும். சில காப்புறுதிப் பத்திரங்களில் இதைவிட மோசம்: பயணம் அனுமதித்த நாளைத் தாண்டினால் முதல் 15 நாளுக்கும் பணம் இல்லை.

மிச்ச நாளுக்கு மேலதிகக் காப்புறுதி வாங்கலாம். வாங்கமுன் அட்டையின் காப்புறுதிக் கம்பனியிடம் 'வேறு கம்பனியில் நாட்களை நீட்டினால் உங்கள் பத்திரம் செல்லுமா' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எடுத்துவை. என் எண்ணம், உனக்கும் அம்மாவுக்கும் அட்டையை மறந்துவிட்டு முழுப் பயணத்துக்கும் தனிப் பத்திரம் எடு. மனுசிக்கு மட்டும் அட்டையோடு நீட்டிப் பார்க்கலாம்.

அம்மாவின் விஷயத்தில் ஆறுதலாய் இருந்து செய்யவேண்டியது இதுதான். அவவுக்குப் பிரஷரும் சலரோகமும் (நீரிழிவு) இருக்கிறது. ஏற்கெனவே உள்ள வருத்தம் வெளிக்கிடமுன் குறிப்பிட்ட நாளுக்கு மாற்றமில்லாமல் இருக்கவேணும் என்று பத்திரம் கேட்கும். 90 நாள், 180 நாள், சிலவற்றில் ஒரு வருஷம். ஓகஸ்ட் 1 இல் வெளிக்கிட்டால் 90 நாள் மே 3 இல் தொடங்கும்; 180 நாள் என்றால் பெப்ரவரி 2. அதற்குள் புதுக் குளிசை தொடங்கினாலும், உள்ளதை நிறுத்தினாலும், அளவைக் கூட்டினாலும் அது மாற்றம். குறைத்தாலும் மாற்றம்தான். பிரஷர் நன்றாக இருக்கிறது என்று வைத்தியர் 10 மில்லிகிராமை 5 ஆக்குவார், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், காப்புறுதியில் அந்த வருத்தம் வெளியே போய்விடும். புது விசேட நிபுணரிடம் அனுப்பியிருந்தாலும், செய்த பரிசோதனைக்கு முடிவு வராமல் இருந்தாலும் அப்படியே. பெயர் மாறிய அதே மருந்து, அதே அளவு என்றால் பல பத்திரங்கள் பொறுத்துக்கொள்ளும். இன்சுலின் அளவை நாளாந்தம் சரிசெய்வதைச் சில பத்திரங்கள் மாற்றமாக எடுப்பதில்லை.

இதற்காக வேண்டிய மருந்தைத் தள்ளிப்போடாதே. மாற்றம் வந்தால் உடனே கம்பனிக்குச் சொல்லு. பயணத் திகதியைத் தள்ளு, அல்லது குறைந்த நாள் கேட்கிற பத்திரத்துக்குக் கூடுதலாகக் கட்டு.

வயதானவர்களுக்கு மருத்துவக் கேள்விப் பத்திரம் ஒன்று தருவார்கள். அதை ஞாபகத்தில் நிரப்பாதே. குடும்ப வைத்தியரிடம் அம்மாவின் வருத்தங்கள், குளிசைகள், திகதிகள் கொண்ட பிரதியை எடுத்து, அவரோடு இருந்து நிரப்பு. காலில் நீர் வீக்கத்துக்கு ஃபுரோசமைட் போடுகிறா என்றால் கவனம். வீட்டில் அது 'தண்ணிக் குளிசை'. கேள்விப் பத்திரத்தில் அது இதயக் கேள்விக்குள் வரலாம். ஒரு பதில் பிழைத்தால், அந்த வருத்தத்துக்குச் சம்பந்தமில்லாமல் விழுந்து இடுப்பு முறிந்தாலும் முழுப் பத்திரத்தையும் செல்லாததாக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி, அதுதான் ஓகிப், இருக்கிறதே என்று நினைக்காதே. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் கடும் வருத்தத்துக்குப் படுத்தால் நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர், வெளிநோயாளராய்ப் பார்த்தால் 50 டொலர். ஆனால் ஓகிப் நடப்பில் இல்லாவிட்டால் அட்டைக் காப்புறுதியும் செல்லாது. 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே நின்றால் ஓகிப்புக்கு ஆபத்து.

இங்கே ஏதும் நடந்தால்: 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. உயிர் ஆபத்து என்றால் முதலில் ஆஸ்பத்திரி. மற்றபடி சேர்க்கமுன் காப்புறுதியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுக்கவேணும். எடுக்காவிட்டால் தொகையை வெட்டுவார்கள். கனடாவின் இலவச இலக்கம் இங்கிருந்து வேலைசெய்யாமற்போகலாம், சாதாரண இலக்கத்தையும் எழுதி வை. தனியார் ஆஸ்பத்திரியில் முற்பணம் கேட்பார்கள், அதைக் கட்டிப் பிறகு கோரவேணும். கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கே மாற்றவேண்டி வந்தால் வாகனத்தை அவர்களே ஒழுங்குசெய்ய விடு; நீயாகப் பிடித்தால் அந்தக் காசு திரும்பாமற்போகலாம். டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரி தருகிற நோய் விபரச் சீட்டு), விபரமாகப் பிரித்த பில், மருந்துச் சிட்டை, கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் முத்திரை இருக்கவேணும். விமானத்தில் ஏறிய துண்டையும் எறியாதே, வெளிக்கிட்ட நாளுக்கு அதுதான் சாட்சி.

மாமியைச் சுப்பர் விசாவில், அதாவது பிள்ளைகளிடம் நீண்ட நாள் வந்து நிற்கப் பெற்றோருக்குக் கனடா தருகிற விசாவில், கூப்பிடுவது பற்றியும் கேட்டிருந்தாய். அங்கும் அட்டை உதவாது. ஒரு வருஷத்துக்கான, குறைந்தது 100,000 கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதி வேணும். மேற்கோள் விலை காட்டினால் போதாது, வாங்கியிருக்கவேணும். முற்பணம் கட்டித் தவணையிலும் எடுக்கலாம். 2025 ஜனவரி 28 இலிருந்து, கனடா அனுமதித்த வெளிநாட்டுக் கம்பனிகளின் பத்திரத்தையும் ஏற்கிறார்கள். விசா மறுத்தால் முழுக் காசும் திரும்புமா, இடையில் ஊருக்கு வந்தால் மிச்ச மாதக் காசு வருமா என்று எழுத்தில் கேள். மாமியின் குளிசைக்கும் மேலே சொன்ன நாள் கணக்குத்தான்.

அம்மாவின் குளிசைப் பெயரும் அளவும், கடைசியாக மாற்றிய திகதியும் எழுதி அனுப்பு. உன் அட்டையின் கையேட்டில் வயது எழுதிய பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. பத்திரம் வாங்கமுன் இரண்டையும் நான் பார்க்கவேணும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்