டோரியன் என்றால் தோடி

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த இசைக் கட்டுரை, பழைய கிரேக்கரின் டோரியன் என்ற சுர வரிசை நம் கரகரப்ரியா ராகம் என்கிறது. இன்றைய மேற்கத்திய டோரியனுக்கு அது சரி. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் கிரேக்கச் சுர வரிசைகளின் பெயர்கள் இடம் மாறிவிட்டன. பழைய டோரியனின் சுர வரிசை தோடி ராகத்தினுடையது.

முப்பது வருடம் வீணை சொல்லிக்கொடுத்தவள் நான். போன வருடம் பேரன் லைர் என்ற கிரேக்கத் தந்தி வாத்தியம் ஒன்றை, எட்டுத் தந்தி வைத்தது, வாங்கித் தந்தான். முதலில் 'மெசே' என்ற தந்தியைச் சுருதி சேர்க்கிறேன். பிறகு அதிலிருந்து 4:3 அதிர்வு விகிதத்தில் கீழே ஒரு தந்தி, 3:2 விகிதத்தில் மேலே ஒரு தந்தி. இரண்டு ஓரத் தந்திகளும் ஷட்ஜமாக நின்றுவிடும். மெசே என்றால் நடு. அது விழுவதும் நம் மத்திமத்தில்தான்! அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தோடி சுரங்கள் சுலபமாகச் சேர்ந்தன. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம்தான் இதில் எடுபடாது. என்னைப் படுத்துவது எனார்மோனிக் என்ற கிரேக்கரின் நுண்சுர முறை. ஷட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவே இன்னொரு சுரத்தைச் செருகி, ரிஷபத்திலிருந்து நேரே மத்திமத்துக்குத் தாவ வேண்டும். காந்தாரமே கிடையாது. தந்தியை முறுக்கும் பிருடையை மயிரிழை திருப்பினாலும் சுரம் தப்பிவிடுகிறது.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற வீணை ஆசிரியை,
கும்பகோணம்.