நெட் இல்லாமல் ஓடுமா? மலிவு விலை டேப்லெட் செய்பவர்களுக்கு மூணாறு மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு டேப்லெட் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, எழுதுகிறேன். அப்பா, அம்மா இருவருக்கும் எஸ்டேட் வேலை. நான் சாயங்காலம் லயத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எல்லாரும் தமிழ் வழியில் படிப்பவர்கள். நாங்கள் இருப்பது கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். பஞ்சாயத்து நோட்டீஸ், கரண்ட் ஆபீஸ் அறிவிப்பு, ஆஸ்பத்திரியில் எழுதி ஒட்டியிருப்பது, முக்கால்வாசி மலையாளத்தில்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டியாவது படிக்கப் பழகிவிடுகிறார்கள். அம்மாமார்கள் பேச்சு மலையாளத்தைச் சமாளித்துவிடுவார்கள், எழுத்து என்று வந்தால் முடியாது. கொழுந்து எடை போட்டுவிட்டு வரும் வழியில் என் வாசலில் நின்று, "இதுல என்னம்மா போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று காகிதத்தை நீட்டுவார்கள்.

போன போனஸில் என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா டேப்லெட் வாங்கினார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஏஐ என்று போட்டிருந்தது. போட்டோ எடுத்தால் போதும், எந்த மொழியில் இருந்தாலும் தமிழில் படித்துக் காட்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகவே பக்கத்தில் இருந்த மாடலைவிட 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அன்று ராத்திரியே ரேஷன் கார்டு நோட்டீஸ் ஒன்றைத் தரையில் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம், இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்று வந்தது. அந்தப் பெண் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள், வாசலுக்குப் போனாள், கடைசியில் கோயில் திண்டு வரைக்கும் போனாள். எங்களுக்கு ஒரு புள்ளி சிக்னல் கிடைப்பது அங்கேதான். பாதி வாசிப்பதற்குள் மழை வந்துவிட்டது. "விடு, காலையில அக்காகிட்டயே கேட்டுக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

மறுநாள் அந்த டேப்லெட்டை வாங்கி செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் 8 ஜிபி ரேம் என்று இருந்தது. ரேம் என்பது வேலை நடக்கும்போது டேப்லெட் பயன்படுத்துகிற நினைவகம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் 4+4. அதாவது நிஜ ரேம் 4 ஜிபி. மீதி 4 ஜிபி, படங்களும் ஆப்களும் இருக்கிற சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. அந்தச் சேமிப்பு ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. இப்படி எழுதுவது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த காசில் வாங்குகிறவரிடம் அதை 8 என்று சொல்லி விற்கக் கூடாது.

மலிவு டேப்லெட்டுக்கு ஏஐ எதற்கு, வீடியோவில் பாடம் பார்க்க முடிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்தவள்தான். 2020 ஜூனில் கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் வகுப்பு தொடங்கியபோது, இங்கே பிள்ளைகள் சிக்னல் தேடி ரோட்டோரம் குடை பிடித்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகும், குறை டவரில்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. வேகமான நெட் உள்ளவருக்கு ஏஐ எங்கோ ஒரு சர்வரில் ஓடினாலும் கவலையில்லை, அவர் கையில் எந்தக் கருவி இருந்தாலும் ஒன்றுதான். நெட் இல்லாத எங்களுக்குத்தான் அது கருவிக்குள்ளேயே ஓட வேண்டும். விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் அந்த வசதியை வைத்துவிட்டு, எங்கள் பெட்டியில் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டுவது தலைகீழான வேலை.

கருவிக்குள் ஓட என்ன வேண்டும்? என்பியு என்று ஏஐக்கான தனிப் பகுதி சிப்பில் இருக்கிறதா, அதன் வேகம் எத்தனை டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு) என்று விளம்பரத்தில் அடுக்குகிறீர்கள். எங்கள் பேக்டரியில் கொழுந்தை முதலில் தொட்டியில் பரப்பி வாட்டுவார்கள், அப்புறம்தான் ரோலருக்குப் போகும். தொட்டி சின்னதாக இருந்தால் எவ்வளவு பெரிய ரோலர் வாங்கிப் போட்டும் பயன் இல்லை. இங்கே தொட்டி என்பது ரேம். எழுத்தைப் படித்துப் பதில் எழுதுகிற ஏஐக்கு மொழி மாதிரி என்று பெயர், உள்ளே இருப்பதெல்லாம் எண்கள்தான். முந்நூறு கோடி எண்கள் கொண்ட ஒரு மொழி மாதிரியை, ஒவ்வொரு எண்ணையும் நாலு பிட்டுக்குச் சுருக்கி வைத்தாலும் ஒன்றரை ஜிபி வரும். வேலை நடக்கும்போது மேற்கொண்டும் கொஞ்சம் கேட்கும். 4 ஜிபி டேப்லெட்டில் பாதியளவு ஆண்ட்ராய்டுக்கே போய்விடுகிறது. மிச்சத்தில் இதைத் திணித்தால் திறந்திருக்கிற மற்ற ஆப் எல்லாம் மூடிக்கொள்ளும். மாதிரி சொற்களைத் துண்டு துண்டாகத்தான் எழுதும். அப்படிப் பதில் எழுதும்போது ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரி மொத்தத்தையும் ரேமிலிருந்து படித்தாக வேண்டும். அதனால் என்பியு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ரேமின் வேகத்தைத் தாண்டி ஓடாது.

ஆப்பிளையே பாருங்கள். 2025 மார்ச்சில் 34,900 ரூபாய்க்கு வந்த ஐபேடில், ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற அவர்களுடைய ஏஐ வசதி கிடையாது. 2021இல் எம்1 சிப்போடு வந்த விலை உயர்ந்த ஐபேட் புரோவில் உண்டு. முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கருவியிலேயே இல்லாத ஒன்று பத்தாயிரம் ரூபாய்க் கருவிக்குள் இருப்பதுபோல ஏன் எங்களை நம்ப வைக்கிறீர்கள்?

இதில் தமிழுக்கென்று ஒரு கூடுதல் கஷ்டமும் இருக்கிறது. பெரும்பாலான மொழி மாதிரிகள் ஆங்கிலத்தை மனதில் வைத்தே சொற்களைத் துண்டு போடுகின்றன. அதே விஷயத்தைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகள் ஆகும். துண்டு கூடினால் நேரமும் கூடும். உங்கள் ஆய்வகத்தில் ஆங்கிலத்தில் சோதித்து, வேகம் பரவாயில்லை என்று முடிவு செய்த டேப்லெட், என் மாணவி கையில் தமிழில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய மாதிரி ஓடாவிட்டால் எதுவுமே முடியாது என்றும் இல்லை. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், என் பழைய போனிலேயே ஆங்கிலப் பாட வரியை நெட் இல்லாமல் மாற்றித் தருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் இந்திய மொழிகள் 22க்கும் இலவசமாகவே மொழிபெயர்ப்பு மாதிரிகளை வெளியிட்டது. தமிழும் மலையாளமும் அதில் உண்டு. இந்திய மொழிகளுக்கிடையே மாற்றும் அதன் சிறிய வடிவம் சுமார் முப்பத்திரண்டு கோடி எண்கள்தான், சுருக்கினால் 320 எம்பி அளவுக்கு வந்துவிடும். உங்கள் டேப்லெட்டில் நீங்களே ஏற்றி அனுப்புகிற விளையாட்டு ஆப்கள் சில இதைவிடப் பெரியவை. அவற்றைக் கழற்றிவிட்டு, மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் மாதிரியையும் தமிழில் வாசித்துக் காட்டும் குரலையும் ஏற்றி அனுப்புங்கள். ஒரு லயத்துக்கே அது உதவும்.

2011 அக்டோபரில் ஆகாஷ் டேப்லெட் வந்தது. மத்திய அரசு அதைச் சுமார் 2,250 ரூபாய்க்கு வாங்கியது. 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம், விரலை அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய திரை. மாணவர்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையை முதலில் எழுதிவிட்டு அதற்குள் கருவியை அடக்கப் பார்த்ததில்தான் எல்லாம் போயிற்று. அடுத்த ஆண்டே அதைவிட நல்ல ஆகாஷ் 2 கொண்டுவர வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் முதலில் எழுதிவைப்பது ஏஐ என்ற சொல்லை.

ரேம் விலை ஏறிவிட்டது என்பீர்கள். எனக்கும் தெரியும். ஏஐ சர்வர்களுக்கு நினைவகம் போய்ச் சேர்வதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், கையில் கூடுதலாக ஆயிரம் ரூபாய் இருந்தால் அதை என்பியுவுக்கோ நாலாவது கேமராவுக்கோ போடாமல் ரேமுக்குப் போடுங்கள். 6 ஜிபி நிஜமாக இருந்தால் நிறைய வேலை நடக்கும், 8 இருந்தால் ரொம்ப நல்லது. அதுவும் முடியாவிட்டால் ஏஐ என்று போடாமல், பாடம் பார்க்கிற நல்ல டேப்லெட் என்றே விற்றுவிடுங்கள். நாங்கள் வாங்குவோம். நாலைந்து வருஷம் அப்டேட் வரட்டும், உடைந்த திரையைத் தேனியிலோ அடிமாலியிலோ மாற்றிக்கொள்ள முடியட்டும்.

2024-25இல் கேரள ஏழாம் வகுப்பு ஐசிடி (கணினிப் பாடம்) புத்தகத்தில் ஏஐ பாடம் வந்தது, தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும்தான். ஒரு முகத்தைப் பார்த்து சிரிப்பா, கோபமா என்று சொல்லும் புரோகிராமைப் பிள்ளைகளே செய்து பார்க்கிறார்கள். ஸ்டிக்கருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். அந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டு ஒரு பையன் என்னிடம், "அக்கா, ஏஐ இதுக்குள்ள இருக்கா, டவருக்கு அந்தப்பக்கம் இருக்கா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதையே பெட்டியில் எழுதுங்கள். நெட் இல்லாமல் என்னென்ன ஓடும், தமிழில் ஓடுமா, மலையாளம் படிக்குமா, நிஜ ரேம் எவ்வளவு. நாலே வரி, தமிழிலும் மலையாளத்திலும், பொடி எழுத்தாக இல்லாமல். அப்படி ஒரு டேப்லெட் செய்துவிட்டீர்கள் என்றால் ஜூன், ஜூலை மழையில் இங்கே கொண்டுவாருங்கள். கரண்டும் டவரும் சேர்ந்து போகிற நாட்கள் அப்போது நிறைய உண்டு. லயத்தில் பத்து வீட்டு நோட்டீஸ்களை எடுத்து வைக்கிறோம், உட்கார்ந்து சேர்ந்தே சோதிக்கலாம்.

இப்படிக்கு,
லயத்தில் டியூஷன் எடுக்கும் ஒருத்தி
மூணாறு, இடுக்கி மாவட்டம்