காய்ச்சலில் கட்டுப்பாடு குலைவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் வெளியான கட்டுரையொன்று, காய்ச்சலை "உடலின் வெப்பக் கட்டுப்பாடு குலைந்துபோகும் நிலை" என்று விளக்கியிருந்தது. கடும் வெயிலில் நேரும் வெப்பவாதத்துக்கு இந்த விளக்கம் பொருந்தும். தொற்றால் வரும் காய்ச்சலுக்குப் பொருந்தாது. காய்ச்சலின்போது, தான் காத்துவர வேண்டிய வெப்ப அளவையே மூளை உயர்த்திக்கொள்கிறது.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ்தான் உடல் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறுத்தி வைக்கிறது. கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின் போன்ற சைட்டோகைன்களை, அதாவது செய்தி சுமக்கும் புரதங்களை, ரத்தத்தில் விடுகின்றன. அவற்றை உணரும் மூளை ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் புரோஸ்டாகிளான்டின் இ2 என்ற பொருளைச் சுரக்க, அது ஹைப்போதலாமஸின் முன்பகுதியை அடைந்து, வெப்ப உற்பத்தியை அதுவரை அடக்கி வைத்திருந்த நரம்புச் செல்களின் பிடியைத் தளர்த்திவிடுகிறது.

இதன் விளைவை எந்த வீட்டிலும் பார்க்கலாம். குழந்தையின் நெற்றி கொதிக்கிறது, தெர்மாமீட்டர் 38.5 காட்டுகிறது, ஆனால் பாதங்கள் சில்லிட்டிருக்க, "குளிருது" என்று அது போர்வையை இழுத்துக்கொள்கிறது. மூளை 39.5 டிகிரியைக் கேட்கும்போது 38.5 குறைவுதானே! அதனால்தான் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த நேரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் நடுக்கம்தான் கூடும். பின்னர் மூளை அளவைக் குறைத்ததும் வியர்வை பெருகுகிறது. வேர்த்ததால் காய்ச்சல் இறங்கியது என்று நாம் சொல்வது வரிசையை மாற்றிச் சொல்வதே.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளான்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-ல் காட்டியவர் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை, வெப்பத்தை உயர்த்து என்று மூளைக்குப் போகும் ஆணையை மட்டுமே நிறுத்துகிறது. அந்த ஆணையால் பயன் உண்டா என்பதற்குப் பல்லியினம் ஒன்று சான்று தருகிறது. போதிய உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க இயலாத பாலைவன இகுவானா, தொற்று ஏற்பட்டதும் அதிக வெப்பமான இடத்தை நாடிச் செல்கிறது. அவ்வாறு செல்ல முடியாமல் குறைந்த வெப்பத்தில் வைக்கப்பட்டவை அதிகமாக இறந்தன என்று 1975-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இதைச் சொல்வதால் காய்ச்சலை அப்படியே விட்டுவிடலாம் என்று பொருளல்ல. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உடலின் ஆற்றல் செலவு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. இதய நோயாளிக்கு அது பெரும் சுமை. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கட்டுரையாளர் காய்ச்சலையும் வெப்பவாதத்தையும் ஒன்றாக்கியதால் வரும் ஆபத்து வெப்பவாதத்தின் பக்கம்தான் அதிகம். அங்கே மூளை அளவை உயர்த்தவில்லை. வெளியேற்ற முடியாத வெப்பம் உடலில் தேங்கிவிட்டது. ஆகவே பாராசிட்டமால் அங்கே பயன்படாது. நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நனைத்து, விசிறி, மருத்துவ உதவியை அழைக்க வேண்டிய நிமிடங்களை மாத்திரை தேடுவதில் இழக்கக் கூடாது. இந்தத் திருத்தத்தைத் தாங்கள் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்