இத்தாலியில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பலெர்மோவில் வீடு வாங்கியபோது, நொத்தாரிசு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் உறுதியையும் அடமானத்தையும் பார்ப்பார். வீட்டை வந்து அளக்கமாட்டார். பால்கனியை அடைத்துக் குசினியாக்கியிருந்தார்கள். கதாஸ்தோ எனும் அரசுச் சொத்துப் பதிவேட்டின் வரைபடத்தில் அப்படியொரு குசினியே இல்லை! ஜியோமெத்ரா (கட்டட அளவையாளர்) ஒருவர் நாடா பிடித்து அளந்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை. வைத்துவிட்டுக் காரணமில்லாமல் பின்வாங்கினால் கபாரா எனும் முற்பணம் போனதுதான்.

அப்புறம், பழைய உரிமையாளரின் கொந்தொமீனியோ (அடுக்குமாடிப் பொதுச்செலவு) பாக்கி. நடப்பாண்டு, முந்தைய ஆண்டுத் தொகையை நம்மிடமே கேட்கலாம். நிர்வாகியிடம் பாக்கியில்லை என்று எழுதி வாங்குங்கள்.

தனியாரிடம் வாங்கினால் பதிவுவரி 9 சதவீதம், முதல் வீட்டுச் சலுகையில் 2. அதற்கு 18 மாதத்துக்குள் வதிவிடப் பதிவை அந்த ஊருக்கு மாற்றவேண்டும்.

ஒரு வாசகர்,
பலெர்மோ