ஒன்றேகால் மில்லிமீட்டர்

அன்புள்ள ஒல்லி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாயா?

ஆறு மாதமாக எனக்கு ஒரே வேட்டை. ஒரு கம்ப்ரஸர் கையேட்டைப் பிரெஞ்சிலிருந்து சீனத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் கிடைத்தார்கள், எல்லாரும் இலக்கியம் படித்தவர்கள். நட்டு, போல்ட் என்றதும் முகம் வாடிவிடுகிறது. "ஆங்கிலம் வழியாகப் போய்விடலாமே" என்றது ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

பிரெஞ்சில் 'பாலியே' என்று ஒரு சொல். எங்கள் கையேட்டில் அது ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டை, தாங்கும் வெண்கல வளையம், நம் புஷ். குண்டு பேரிங்குக்கு 'ரூல்மாங்' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் வெறும் பேரிங் ஆகிவிட்டன. சீனத்தில் 'சறுக்கும்', 'உருளும்' என்று முன்னால் சேர்த்துப் பிரித்துச் சொல்ல வழி உண்டு. ஆங்கிலத்தை மட்டும் பார்த்தவருக்கு எதைச் சேர்ப்பது என்று எப்படித் தெரியும்? உருட்டிவிட்டார். புஷ் இருந்த இடமெல்லாம் குண்டு.

இன்னொன்று கேள். பிரெஞ்சுக்காரர்களுக்குக் காற்புள்ளிதான் தசமப்புள்ளி. '1,250 மி.மீ.' என்றால் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஆங்கிலப் படியில் காற்புள்ளி அப்படியே தங்கிவிட்டது. சீனப் படிக்கு வரும்போது 1250. ஒன்றேகால் மீட்டர் இடைவெளி! உன்னை மாதிரி நாலு பேரை அடுக்கலாம். சிரித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. போல்ட்டை இறுக்கும் முறுக்குவிசை அளவுகளிலும் அதே காற்புள்ளிதான். போல்ட் அறுந்து மூடி பறந்தால் எதிரே நிற்பவன் எவனோ ஒரு ஃபிட்டர், நானல்ல.

தேடிய இடமே தப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. வூஹானில் 1992 முதல் பிரெஞ்சுக் கார் நிறுவனத்தோடு கூட்டுத் தொழில் நடக்கிறது. பிரெஞ்சுப் பொறியியல் கல்லூரிகளோடு சேர்ந்து பெய்ஜிங்கில் 2005இலும் ஜூஹாயில் 2010இலும் படிப்புகள் தொடங்கினார்கள். பிரெஞ்சையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படிப் படித்த பொறியாளர் ஒருவர் சிக்கினார். மாதிரிக்கு ஒரு பக்கம் கேட்டேன். அவர் அனுப்பியது 17 கேள்விகள். "வரைபடம் இல்லாமல் தொட மாட்டேன்" என்கிறார். நம் லேத் வாத்தியார் குரல்தான் காதில் விழுந்தது.

அவர் எழுதியதை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று மொழிபெயர்ப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 17100 சொல்கிறது. அதைக் காட்டினால், "ஒரே வேலைக்கு இரண்டு கூலியா?" என்கிறார் மேலாளர். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

16 கேள்விகளுக்கு நானே பதில் எழுதிவிட்டேன். மீதி ஒன்று உனக்கு. எட்டாவது படத்தில் 'ஜூ' என்று போட்டிருக்கிறது. அகராதியில் முதல் பொருள் விளையாட்டு, இங்கே இடைவெளி. அது ஷாஃப்ட்டின் நீளவாக்கிலா, குறுக்கிலா? அம்புக்குறி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல். அதோடு அந்த ஸ்பேனர் கதையை ஆரம்பிக்காதே.

உன்
தடியன்